மாஸ்டர் பார்க்காத லூப்

ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்குத் தலைகுப்புறக் குதிக்க ஆசை வந்தது. ஆசை என்றால் ஏதோ மிட்டாய் கேட்ட மாதிரி இருக்கிறது, வெறி என்றே வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் பாய் கட்டிய பலகைமேல் நின்றுகொண்டு காற்றோடு பறப்பார்களே, அந்த விளையாட்டில் லூப் என்று ஒரு குதிப்பு உண்டு. வேகமாக வந்து அலையில் ஏறி, பலகை தண்ணீரை விட்டு எழும்பியதும் பாயைச் சட்டென்று உடம்போடு சேர்த்து இழுக்க வேண்டும். காற்று ஆள், பலகை, பாய் எல்லாவற்றையும் முன்பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் போடும். திரும்பப் பலகையோடு இறங்கி ஓட்டிக்கொண்டு போனால் லூப். இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கரையில் கிழிகிற பாய்களையெல்லாம் தைப்பவளே அவள்தான்.

இதைச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் அவள் புருஷனுடையது. பள்ளிக்கூடம் என்றால் என்ன, கடலைப் பார்த்த ஒரு தகரக் கொட்டகை. பின்னால் பாய் தைக்கும் அறை, நடுவில் ஈர லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கும் கொடி, முன்னால் பலகை வாடகைக்கு விடும் கவுன்டர். புருஷனை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். அவளுக்குப் பெயர் கவுன்டர் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் பாய் பிடித்தவள்தான். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவள்தான், அங்கேயே தங்கிவிட்டாள். மகள் பிறந்ததும் 'கொஞ்ச நாளைக்கு மட்டும்' என்று கவுன்டரில் உட்கார்ந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி அவளும் வேறு ஊருக்குப் போயாயிற்று, கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

யாராவது ஒரு பயல் முதல்முறை லூப் போட்டுவிட்டால் போதும், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கவுன்டர் முன்னால் ஆடுவார்கள். அவள் கைதட்டுவாள். அப்புறம் அவன் நனைத்த ஜாக்கெட்டை அலசிப் போடுவாள். வயிற்றெரிச்சல் இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

மாஸ்டருக்குத் தோள்பட்டை போனதும்தான் பேச்சு ஆரம்பித்தது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் கை தலைக்குமேல் எழும்பவில்லை. மணலில் நாற்காலி போட்டு, விசில் ஊதிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படியும் லூப் வகுப்புக்கு அவர்மாதிரி ஆள் கிடையாது. விழுபவன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும் முன்பே எந்தக் கை பிசகியது என்று கரையிலிருந்து கத்திச் சொல்லிவிடுவார். ஆனால் இந்த விளையாட்டை நடத்துகிற சங்கம் விடவில்லை. அடுத்த வருஷம் லூப் வகுப்பு நடத்த இன்னொரு கோச் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குச் சங்கத்தில் ஒரே ஒரு விதி. சொல்லிக்கொடுக்கிறவர் வாழ்க்கையில் ஒரு முறையாவது லூப் போட்டு இறங்கியிருக்க வேண்டும், அதை ஒரு கோச் கரையில் நின்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்த்த கோச் ஒரு போன் பண்ணி 'நான் பார்த்தேன்' என்றால் முடிந்தது. அந்தக் கரையில் கோச் என்று இருந்தவர் மாஸ்டர் ஒருவர்தான்.

"வெளி ஆள் எதுக்குங்க? நான் போடறேன்" என்றாள் அவள்.

மாஸ்டர் வாயில் இருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துவிட்டு, "என்னது, நீயா? படி ஏறினாலே முட்டி வலிக்குதுங்கறவ நீ" என்றார்.

"இறங்கும்போதுதான் வலிக்குது. ஏறும்போது இல்ல."

"லூப்ல இறங்கவும் வேணும்டி."

"இறங்கிட்டுச் சொல்றேன்."

சரி, விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார். அவள் விடவில்லை. விடிகிற நேரத்தில், கவுன்டர் திறக்கும் முன்னால், கொட்டகைத் தூணில் பாயின் கைக்கம்பைக் கட்டிவைத்துப் பழகினாள். இழு, தலையைப் பின்னால் திருப்பு, காலை மடக்கு. லூப்பில் மொத்த வித்தையும் ஒன்றுதான், கையை விடக் கூடாது. ஆகாயத்தில் தலை கீழாகப் போகும்போது உடம்பு 'விட்டுடு, விட்டுடு' என்று கத்தும். விட்டால் பாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், முதுகில் பலகை. பயந்தவனுக்குத்தான் அடி. பயப்படாதவனுக்கு அடி குறைவு, இது என்ன நியாயமோ.

அவள் பயந்தாள். அடி வாங்கினாள். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி, சாப்பிடக் குனிந்தால் தட்டில் ஒழுகியது. விலா எலும்புக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை. காது அடைத்துப்போய், வாடகைக்கு வந்தவர் சின்ன ஜாக்கெட் கேட்டால் பெரியதை எடுத்துக் கொடுத்தாள். தான் கிழித்த பாயைத் தானே தைத்தாள். மகள் போனில், "அம்மா, உனக்கு என்ன பைத்தியமா? பேரன் பேத்தி எடுக்கிற வயசுல" என்றாள். "நீ முதல்ல பெத்துக் குடு, அப்புறம் எடுக்கறேன்" என்று இவள் வைத்துவிட்டாள்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் விழுந்தது ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. "பின்கை லேட்டு!" "கீழ பாக்காத, கீழ என்ன இருக்கு? தண்ணிதான இருக்கு!" என்று கத்துவார். சில நாள் சாயங்காலம் விலாவுக்கு அவரே தைலம் தடவி, "போதும்டி, விட்டுத் தொலை" என்பார். குரலில் அக்கறை இருக்கும். அந்த அக்கறையை நம்பித்தான் அவள் கெட்டாள்.

தினமும் பலகை எடுக்க வரும் பல் டாக்டர் ஒருவர் உண்டு, வாய் ஓயாத மனுஷன். "அக்கா, பல் உடைஞ்சா நேரா நம்மகிட்ட வந்துடுங்க, உங்களுக்கு மட்டும் இலவசம்" என்று ஜாக்கெட் மாட்டும்போதெல்லாம் கிண்டல் பண்ணுவார். ஆனால் அவள் குதிக்கப் போகிறாள் என்றால் தன் பலகையை ஓரமாக நிறுத்திவிட்டு நின்று பார்ப்பார்.

காற்றுக் காலம் முடியப்போகிற வாரத்தில் அது நடந்தது. நல்ல பகல். அவள் தூரத்தில் திரும்பி, முழு வேகத்தில் கரையை நோக்கி வந்தாள். அலை ஒன்று சரியான இடத்தில் எழும்பியது. பலகை தண்ணீரை விட்டது. பின்கையை இடுப்புவரை இழுத்தாள், தலையைத் திருப்பினாள். உடம்பு 'விட்டுடு' என்றது. போடி என்று அவள் விடவில்லை. வானமும் தண்ணீரும் ஒரு தடவை இடம் மாறின, திரும்ப மாறின. பலகை தண்ணீரில் அறைந்தது. அவள் பலகைமேல் நின்றாள். பாயில் காற்று இருந்தது. ஓட்டிக்கொண்டே போனாள்.

கரையைப் பார்த்தாள். மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். பல் டாக்டர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வலது கணுக்காலில் வலி வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக இல்லை, அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்துவிட்டாள். விழும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

எலும்பு முறிவு. ஆபரேஷன் முடித்துத் தகடு வைத்த டாக்டர், "நடக்கலாம்மா, ஆனா குதிக்கிற வேலை இனிமே கிடையாது" என்றார். அவளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அதுதான் போட்டாயிற்றே! ஒரு முறை போதும் என்பதுதானே விதி. மணலில் உட்கார்ந்து விசில் ஊதுவதற்குக் கணுக்கால் எதற்கு? இவர் தோள்பட்டை இல்லாமல் சொல்லிக்கொடுக்கவில்லையா?

"சங்கத்துக்குப் போன் பண்ணிட்டீங்களா?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள்.

மாஸ்டர் அவள் போர்வையைக் காலோரமாகச் சரிசெய்தார். "எதுக்கு?"

"என்னங்க கேள்வி இது? லூப் போட்டேனே."

"போட்டியா?" என்றார். "நான் பாக்கலயேம்மா. சரியா அந்த நேரம் பாத்து வெயில் கண்ணுல அடிச்சுடுச்சு. தண்ணி தெறிச்சது தெரிஞ்சது. நீ விழுந்தது தெரிஞ்சது."

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்த பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாஸ்டர் இது, காதுல பூ சுத்தறீங்க? நான் உங்க பக்கத்துலதான நின்னேன்? முழுச் சுத்து! எறங்கி ஓட்டிட்டு வந்தாங்க!"

"நீங்க பாத்தா கணக்குல வராது டாக்டர். கோச் பாக்கணும். பாக்காததப் பாத்தேன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? பொய்யில்லையா அது?"

பொய்க்குப் பயந்த அந்த மனுஷர் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? ஒரு குறை சொல்ல முடியாது. சமைத்தார். குளிக்கப் பிடித்துக்கொண்டுபோய் உட்காரவைத்தார். தலை துவட்டினார். முப்பது வருஷத்தில் பார்க்காத கவனிப்பு. வந்தவர் போனவர் எல்லாம் "நீங்க குடுத்து வச்சவங்க அக்கா" என்றார்கள். அவளும் அவர் பாவம், நிஜமாகவே பார்க்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எழுந்து நின்றது வேறு எதற்காகவோ இருக்கும். அவளை வண்டியில் ஏற்றும்போது அவர் அழுததைப் பார்த்தாளே, அது பொய்யா? நம்பாமல் இருந்தால் அந்த வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது? வெயில்மேல் பழியைப் போட்டாள். தன் தலையெழுத்துமேல் போட்டாள். ஒரு நாள் சமையலறையில் வாய் விட்டு அழுதாள், அதுவும் குழாயைத் திறந்துவிட்டு.

சங்கம் புது கோச்சை அனுப்பியது. முப்பது வயதுக்காரன், நல்ல மாதிரி, பணிவானவன். அவள் ஊன்றுகோலோடு மறுபடியும் கவுன்டருக்கு வந்தாள்.

அன்று காலை வாடகைக்கு யாரும் வரவில்லை. கொட்டகைக்கு வெளியே மணலில் பாயை நிறுத்தி, புது கோச்சுக்கு லூப்பை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மாஸ்டர் காட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து ஜாக்கெட்டுகளின் ஜிப்புக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கையத்தான் சொல்லுவாங்க. தல முக்கியம்" என்றார் மாஸ்டர். "நான் இந்தக் கரையில எத்தனையோ லூப் பாத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது. பலகை கெளம்பின உடனே தல திரும்பிடுச்சு. கீழ ஒரு தடவகூடப் பாக்கல. பின்கை இடுப்பு வரைக்கும் வந்துச்சு, சுத்து முடியற வரைக்கும் அங்கேயே இருந்துச்சு. என்னாலகூட அப்படி ஒண்ணு போட முடிஞ்சதில்ல, உண்மையச் சொல்லணும்ல. எறங்கும்போது மட்டும் முன்கால் வெறப்பா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மடக்கியிருந்தா கணுக்கால் தப்பிச்சிருக்கும். பசங்களுக்கு அதச் சொல்லிக் குடு, எறங்கும்போது முட்டிய மடக்கணும்."

புது கோச்சுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "யாரு மாஸ்டர் அது?"

மாஸ்டர் பாயைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். "இருந்தான் ஒரு பையன். பழைய பையன். இப்ப இங்க இல்ல."

அவள் கையில் இருந்த மெழுகுக் கட்டி ஜாக்கெட்டின்மேல் விழுந்தது. முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். என்னாலகூட முடிஞ்சதில்ல என்று அந்த வாய் சொல்லிவிட்டதே! அது ஒரு மூச்சு நேரம் இருந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. பார்த்திருக்கிறார். கணுக்கால் வரைக்கும் பார்த்திருக்கிறார். தண்ணீரில் அவள் சரிகிறபோதும் அவருக்குத் தெரியும், தலை துவட்டுகிறபோதும் தெரியும், ராத்திரி பக்கத்தில் படுத்து 'வலிக்குதா' என்று கேட்கிறபோதும் தெரியும். அவளைக் கோச் ஆக்குவதைவிட ஆம்பளை ஆக்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மணலில் கோல் புதைந்து புதைந்து வந்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள். மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண் கெஞ்சியதை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

புது கோச்சுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். மரியாதையாகக் கேட்டான். "அக்கா, மாஸ்டர் சொல்ற பையன் உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன?" என்றாள். "நல்லாத் தெரியும். பயந்தாங்கொள்ளிதான், ஆனா கைய விட மாட்டான். அவன்கிட்ட தப்புன்னு பாத்தா ஒண்ணுதான்."

"முன்காலா அக்கா?"

"அது கெடக்கட்டும். கரையில யார நம்பிக் குதிக்கறோம்னு அவன் பாக்கல."

நகைச்சுவை என்று நினைத்து அவன் சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. குனிந்து, சரியாகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். நல்ல தோளின் கைதான், ஆனால் முடிச்சு விழவே இல்லை. அவள் அங்கேயே நின்று, அவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.