தெரியவந்தது

தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுத உட்கார்ந்து பாருங்கள், கண்ணுகளா. கை ஓடவே ஓடாது. நம்ம மண்ணாங்கட்டிக்கும் அன்றைக்கு அப்படித்தான் ஆயிற்று.

மண்ணாங்கட்டி என்றால் திட்டு இல்லை, தோழி வைத்த செல்லப் பெயர். மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். மூன்று வருஷம் ஓடிவிட்டது. கையில் இருந்த உதவித்தொகை அந்த மாதத்தோடு நின்றுவிடும். மிச்சத்தை முடிக்க ஒரே ஒரு வழி, சிறந்த ஆய்வு மாணவருக்கென்று பல்கலைக்கழகம் கொடுக்கிற ஃபெல்லோஷிப். துறைக்கு ஒருவருக்குத்தான். அது கிடைக்காவிட்டால் அவளுடைய அண்ணன் சொல்லி வைத்திருக்கும் சிமென்ட் கம்பெனி வேலை.

அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். பொல்லாதவர் இல்லை. "கிடைச்சா படி. இல்லைன்னா ஒண்ணாம் தேதி போய்ச் சேர்ந்துடு. நடுவுலே தொங்கிட்டு நிக்காதே, என்னால தாங்க முடியாது" என்று ஒரே தடவைதான் சொன்னார். அந்த ஒரு தடவையே அவளுக்குப் போதுமாக இருந்தது.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் போக வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் பேராசிரியர் இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டார். ஒருத்தி இவள். இன்னொருத்தி இவளோடு ஒரே மேஜையில் வேலை செய்கிற கொக்கு. ஆள் நெட்டை, தராசில் எண் நிலைக்கிற வரைக்கும் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பாள், அதனால் அந்தப் பெயர்.

"ரெண்டு பேருக்கும் பரிந்துரைக் கடிதம் நான்தான் தரணும். எனக்கு நாளைக்கு மூணு மணி வரைக்கும் கூட்டம். நீங்களே எழுதி வைங்க, படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடறேன்" என்றார் பேராசிரியர்.

வீட்டுக்கு வந்து மண்ணாங்கட்டி உட்கார்ந்தாள். 'இம்மாணவி மிகவும்' என்று எழுதினாள். மிகவும் என்ன? அழித்தாள். மறுபடி 'இம்மாணவி' என்று எழுதினாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"வீட்டை வாடகைக்கு விடறவங்க ஒழுகற கூரையைப் பத்தியா பேசுவாங்க? நல்லா காத்து வரும், வெளிச்சம் வரும்னு எழுதும்மா."

"காத்தும் வெளிச்சமும் வர்றதே அந்த ஓட்டை வழியாத்தான் அண்ணி."

அப்போது கொக்கு போன் செய்தாள். "எனக்கு ஒரு வரி வரலடீ. என்னைப் பத்தி நான் எழுதினது இரங்கல் செய்தி மாதிரி இருக்கு. ஒண்ணு செய்வோம். என்னுதை நீ எழுது, உன்னுதை நான் எழுதறேன்."

"போட்டி போடறவ நானாச்சே. கவுத்துட மாட்டேனா?"

"கவுத்துப் பாரு. நீ கால்புள்ளி வைக்கறதுக்கே பத்து நிமிஷம் யோசிக்கறவ" என்று சிரித்தாள் கொக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் ஆய்வகத்தில் உட்கார்ந்து மண்ணாங்கட்டி எழுதினாள். பேராசிரியர் பேசுகிற மாதிரியே, அவருடைய இழுவையான வாக்கியங்களில். தோழியைப் பற்றி என்றதும் கை தானாக ஓடியது. மழை நாளில் வயலில் முழங்கால் சேற்றில் நின்று மண் எடுத்து வந்தது, ஒரே அளவை மூன்று முறை எடுத்துப் பார்ப்பது, எல்லாம் வரிசையாக வந்தது. அடுத்து எழுத வேண்டியது 'அவன்' விஷயம். அங்கே கை நின்றுவிட்டது.

அவன் என்றால் ஆண்பிள்ளை இல்லை, மண்ணைக் காயவைக்கிற மின்சார அடுப்பு. இங்கிலீஷ் 'ஓவனை' ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு தடவை கொக்கு போனில், "அவனை நம்பாதேடீ, உள்ளே ஒரு மூலையிலே சூடே இல்ல" என்று சொன்னதைக் காதில் வாங்கிய அண்ணி இரண்டு நாள் தூங்கவில்லை. "யாரு அவன்?" என்று மூன்றாம் நாள் கேட்டாள். "நூத்தஞ்சு டிகிரியிலே இருக்கறவன் அண்ணி" என்றாள் இவள். அண்ணி அதற்கும் பயந்தாள்.

விஷயம் என்னவென்றால், அந்த அடுப்பின் பின்மூலையில் வைத்த மண் சரியாகக் காயவே இல்லை. ஈரமண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் உள்ள எடை வித்தியாசம்தானே தண்ணீர்க் கணக்கு? பாதி காய்ந்ததைக் காய்ந்தது என்று எடை போட்டால் கணக்கு முழுக்கப் பொய். கொக்கு ஒரே ஒரு மண் டப்பாவைப் பதினோரு நாள் இடம் மாற்றி மாற்றி வைத்து எடை போட்டு அதைப் பிடித்தாள். அதனால் பேராசிரியருடைய பெரிய கட்டுரை ஒன்றுக்கே திருத்தம் போட வேண்டியதாயிற்று. அவரும் ஒளிக்காமல் போட்டார். ஆனால் திருத்தத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'அடுப்பின் வெப்பநிலையில் குறை இருப்பது தெரியவந்தது.' யாருக்கு, யாரால் என்று ஒன்றும் இல்லை. குறையே தானாக நடந்து வந்து தன்னைக் காட்டிக்கொண்ட மாதிரி.

இதை எழுதினால் சாருக்குச் சங்கடம், கையெழுத்துப் போடாமல் போய்விட்டால் கொக்குக்குத்தானே நஷ்டம், அவள் நல்லதுக்குத்தான் விடுகிறேன் என்று மண்ணாங்கட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே ஒண்ணாம் தேதியும் கூடவே ஞாபகம் வந்தது. அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கடிதத்தை முடித்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு இருவரும் கடிதங்களை மாற்றிக்கொண்டார்கள். கொக்கு தன்னுடையதை நின்றபடியே படித்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பி ஒரு இடத்துக்கு வந்து பார்த்தாள். பிறகு மடித்தாள்.

"நல்லா எழுதியிருக்கே" என்றாள். "சான்றிதழ் நகல் எடுக்கணும், நான் கீழே போறேன். கடிதம் ரெண்டையும் நீயே சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. அலுவலக ஜன்னல்கிட்ட நிக்கறேன்."

போய்விட்டாள். அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பாள்.

அப்புறம்தான் தன்னைப் பற்றிய கடிதத்தை மண்ணாங்கட்டி பிரித்தாள். நடுவில் ஒரு வாக்கியம்: 'அடுப்பின் குறை தெரியவந்தபோது, யாரும் கேட்காமலேயே தன் முதல் வருட அளவுகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு நானூறு மாதிரிகளை மீண்டும் புதிதாக எடுத்தவர் இவர் ஒருவரே.'

அதை அவள் இத்தனை நாளும் அவமானமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தை வீணாக்கியவள் என்று. கொக்கு அதைத் தூக்கி மாலை போட்டு வைத்திருந்தாள். அதற்காகத் தன் பேரைத் தானே தள்ளிவிட்டு, அதே 'தெரியவந்த' என்கிற வார்த்தைக்குள்ளே புகுந்து ஒளிந்துகொண்டிருந்தாள்.

மண்ணாங்கட்டிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மணி இரண்டரை. கணினியைத் திறந்தாள். கொக்கின் கடிதத்தில் பதினோரு நாளையும் எழுதினாள். தன் கடிதத்தில் 'தெரியவந்தபோது' என்பதை எடுத்துவிட்டு, 'உடன் ஆய்வு செய்யும் மாணவி கண்டுபிடித்தபோது' என்று போட்டாள். அச்சுப்பொறி அன்றைக்கென்று பார்த்துக் காகிதத்தைக் கடித்துக்கொண்டது. அதைப் பிடுங்கிச் சரிசெய்து பேராசிரியர் அறைக்கு ஓடும்போது மூன்று இருபது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பதினோரு நாள் வரும் இடத்தில் நின்றார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் அத்தனை பெரியது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதை அவ எழுதினாளா?"

"இல்ல சார். அவளோடதை நான் எழுதினேன். என்னோடதை அவ."

"இந்த வரியைப் பார்த்தா தேர்வுக் குழு முதல்லே என்னைத்தான் கேட்கும். மூணு வருஷமா நீங்க என்ன பார்த்துட்டு இருந்தீங்கன்னு."

"கேட்பாங்க சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "பதினொண்ணா? நான் ஒரு வாரம்னு நினைச்சிருந்தேன்" என்றார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு துறையின் பரிந்துரைத் தாளை இழுத்தார். அதில் இரண்டு பெயர்கள், பக்கத்தில் இரண்டு காலிக் கட்டங்கள். முதலாவதாக வருகிறவருக்குத்தான் குழு கொடுக்கும், வழக்கமாக அதை மாற்றியதில்லை. கொக்கின் பெயருக்கு நேரே ஒன்று என்று போட்டார். இவள் பெயருக்கு நேரே இரண்டு.

"வருத்தமா?"

"நாலு மணிக்கு மூடிடுவாங்க சார்" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

கீழே ஜன்னலுக்கு முன்னால் கொக்கு நகல்களோடு நின்றிருந்தாள். உள்ளே இருந்த எழுத்தர் அம்மா உறையை வாங்கித் தாள்களைப் புரட்டினாள்.

"வரிசை எண் ஒண்ணு யாரு? இங்கே கையெழுத்துப் போடுங்க."

கொக்கு இவளை முழங்கையால் இடித்தாள். "போடுடீ, அவங்க காத்திட்டு இருக்காங்க."

"நான் இல்ல. நீ."

கொக்கு குனிந்து தாளைப் பார்த்தாள். கடிதத்தையும் பார்த்தாள். "உன்னை யாருடீ இதை எழுதச் சொன்னது?"

"சண்டையை வெளியிலே வெச்சுக்கங்கம்மா. மணி ஆகுது" என்றாள் எழுத்தர்.

கொக்கு கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அதற்குக் கீழே மண்ணாங்கட்டி போட்டாள். முத்திரை விழுந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து மண்ணாங்கட்டி அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் டிப்போவில் இருந்தார்.

"அண்ணா, அந்த சிமென்ட் கம்பெனியிலே எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"எட்டரை" என்றார். "முடிவே வரலையே, அதுக்குள்ளே ஏன் கேட்கறே? அழறியா?"

"இல்ல. மாடியிலேருந்து ஓடி வந்தேன், மூச்சு வாங்குது."

கொக்கு போனைப் பிடுங்கினாள். "அண்ணா, ஒண்ணாம் தேதின்னு எதையும் ஒத்துக்காதீங்க. இவளுக்கு இன்னும் எண்பது டப்பா மண்ணு பாக்கி இருக்கு. அளந்து முடிச்சா ஆராய்ச்சி முடிஞ்சது. நான் கூட நின்னு அளக்கறேன், நாலு மாசம் போதும்."

"நீ யாரும்மா?"

"இவளுக்கு வர வேண்டியதை வாங்கிட்டவ."

அண்ணனுக்குப் பின்னால் யாரோ விசில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"நாலு மாசம்ங்கறது அவ சொன்னதா, நீயா சொல்றதா?"

"நான் சொல்றது" என்றாள் கொக்கு. குரல் இறங்கிவிட்டது.

"நான் வண்டி எடுக்கணும். ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. எதுவா இருந்தாலும் அண்ணிகிட்டே நீங்களே சொல்லுங்க, நாலு மாசம் வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்க வேண்டியவ அவதான். அவ என்ன சொல்வான்னு எனக்கும் தெரியாது."