மிருகத்துக்கு எத்தனை கண்

இடைவேளைக்கு விளக்கைப் போட்டதும் நான் விழித்துக்கொண்டேன். திரையில் பற்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் என் மைத்துனன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டி ஓட்டுகிறவனைப் போல முதுகு நிமிர்ந்திருந்தது, கைகள் இரண்டும் நாற்காலியின் பிடிகளை இறுக்கிக்கொண்டிருந்தன. தோளைத் தட்டினேன், அசைவில்லை. ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

“போயிருச்சா அத்தான்?” என்றான்.

எது வந்தது, எது போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? படத்தின் பெயர் போடும்போதே தூங்கிப்போனவன் நான். நாள் முழுக்க டைல்ஸ் கடையில் நின்றுகொண்டே வியாபாரம் பார்க்கிறவனைக் குளுகுளு இருட்டில், மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தால் வேறென்ன செய்வான். அவன் சங்கதி அப்படியில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டின் தலைமேல் ஏறி, கீழே அத்தனை மாடி ஆழமும் இருட்டாகக் கிடக்க, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவன். என் பெண்கள் இருவருக்கும் உலகத்திலேயே பெரிய தைரியசாலி அவர்களுடைய மாமாதான். அந்தத் தைரியசாலிதான் ஒரு சினிமாவுக்குப் பயந்து ஹெல்மெட்டுக்குள் குடியேறியிருந்தான்.

எங்களை அங்கே அனுப்பியது என் மனைவி. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் பார்க்க ஆசைப்படும் எந்தப் படத்தையும் முதலில் என் மைத்துனன் பார்த்துவிட்டு வரவேண்டும். அவன் போகலாம் என்றால் போகலாம், வேண்டாம் என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. அரசாங்கச் சான்றிதழெல்லாம் அவளிடம் செல்லாது. இந்தப் படத்துக்குப் ‘பெரியவர்கள் துணையோடு சிறுவர்கள் பார்க்கலாம்’ என்று போட்டிருப்பதை மூத்தவள் ஃபோனில் எடுத்துக் காட்டினாள். “துணைக்குப் போற பெரியவங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, என் மனைவி என்னைப் பார்த்தாள்.

வழக்கம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, அந்த நாய்ப்படம் வரும்வரை. ஒரு நாய்க்குட்டி, ஒரு குடும்பம், சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்று மைத்துனன் சொன்னதை நம்பிக் குடும்பத்தோடு போனோம். கடைசியில் நாய் செத்துப்போனது. ஏழு வயதுச் சின்னவள், மொத்தத் தியேட்டரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தெருவில் எந்த நாயைப் பார்த்தாலும் அதற்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நாய் சாவதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அந்த நேரம் பாப்கார்ன் வாங்கப் போயிருந்ததாக அவன் சொன்னான். அப்போது நாங்கள் நம்பிவிட்டோம். நாய் சாகும்போதும் அவன் ஹெல்மெட்டுக்குள்தான் இருந்திருப்பான் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாய்ப்படத்துக்குப் பிறகு சட்டம் கடுமையாகிவிட்டது. இனிமேல் ஒருவர் பார்த்தால் போதாது, இரண்டு பேர் பார்க்கவேண்டும். அக்காவும் தங்கையும் சேர்ந்து போனால் போகலாம், இல்லாவிட்டால் யாரும் போகவேண்டாம். சின்னவள் இன்னொரு தடவை பயந்தாலோ அழுதாலோ, மூத்தவள் காலேஜ் போகும்வரை இந்த வீட்டில் தியேட்டர் என்ற பேச்சே எழக்கூடாது. அப்படித்தான் இரண்டாவது சாட்சியாக நான் அனுப்பப்பட்டேன்.

மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கூடப் படிக்கிற பெண்கள் அவளையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமை இந்த மான்ஸ்டர் படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் போகிறேன், இல்லாவிட்டால் போகிறது என்கிற மாதிரிதான் வீட்டில் நடந்துகொண்டாள். ஆனால் சனிக்கிழமைக்கான சட்டையைத் தேய்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அதனால் இடைவேளையில் நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். நான் தூங்கக்கூடாது, அவன் கண்ணை மூடக்கூடாது. நான் பெரிய கோப்பையில் காபி வாங்கிக் குடித்தேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்தான். விளக்கு அணைந்தது. ஒரு துறைமுகம் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி கண்ணீரோடு, “நாம இதுவரைக்கும் பாத்தது வெறும் குட்டிதான்” என்று சொன்னாள். அடுத்து எனக்கு நினைவிருப்பது, தியேட்டரைப் பெருக்க வந்த அம்மாள் துடைப்பக் கட்டையால் என் காலைத் தட்டியது. பக்கத்தில் ஹெல்மெட் மறுபடியும் தலைக்கு ஏறியிருந்தது.

வெளியே டீக்கடையில் நின்றோம். எதிரே படத்தின் சுவரொட்டி. அதிலிருந்தாவது எதையாவது தேற்றலாம் என்று பார்த்தால், பாவிகள் மிருகத்தின் ஒரு பாதத்தையும் அதற்கடியில் நசுங்கிய பேருந்தையும் மட்டுமே போட்டிருந்தார்கள். எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. அந்த லிஃப்ட் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு இது ஒரு பயமா என்று கேட்டேன். அவன் டீயை ஊதிக்கொண்டே யோசித்தான்.

“அங்க எது எப்ப விழும்னு எனக்குத் தெரியும் அத்தான். இங்க எவனோ ஒருத்தன் நம்மள பயமுறுத்தணும்னே உக்காந்து யோசிச்சிருக்கான்.”

நான் டீக்குக் காசு கொடுத்தேன். நான் தூங்கியதை அவன் சொல்லமாட்டான், அவன் கண்ணை மூடியதை நான் சொல்லமாட்டேன் என்று ஒப்பந்தமாயிற்று. கிளம்பும்போது, “சின்னவளுக்கு மட்டும் தெரியவே வேணாம்” என்றான். குரல் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. பாவமாக இருந்தது.

என் மனைவிக்குத் தொலைபேசி நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் வேலை. காதில் மாட்டிய கருவியோடு தினமும் எத்தனையோ பேருடைய பொய்யைக் கேட்கிறவள். குரலை உயர்த்தவே மாட்டாள். ஒரே கேள்வியை இனிமையாகத் திருப்பித் திருப்பிக் கேட்பாள். அன்றைக்குத் தம்பியைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். அவனை அங்கேயே நிறுத்திவிட்டு வந்து என்னைக் கேட்டாள். ரத்தம் உண்டா? இருக்கும், ஆனால் மிதமாக. கெட்ட வார்த்தை? காதில் விழவில்லை. யாராவது சாகிறார்களா, முக்கியமாக நாய்? ஒரு நாயையும் நான் பார்க்கவில்லை. இதுவரை நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த கேள்வி வந்தது.

“அந்த மிருகத்துக்கு எத்தனை கண்ணு?”

இரண்டு என்றேன். எந்த மிருகத்துக்குத்தான் இரண்டு கண் இல்லை? அவள் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டாள். மைத்துனன் வெளியே வந்து, அதே கேள்விக்கு நாலு என்றான். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையில் டைல்ஸின் இடைவெளிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். மூத்தவள் அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் சின்னவள், அக்காவின் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். மூத்தவளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் முழுப் படத்தையும் பாத்துட்டு வந்திருக்கீங்க. அதுக்கு ரெண்டு கண்ணா, நாலு கண்ணான்னுகூட மனசுல நிக்கல. அப்ப அது ஒண்ணும் அவ்வளவு பயங்கரமா இருக்காது. போயிட்டு வரட்டும்.”

மூத்தவள் சத்தம் போடாமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது, எகிறி எகிறிக் குதித்திருக்கிறாள். நாங்கள் பார்க்காத ஒரு மிருகத்தின் முன்னால் ஏழு வயதுக் குழந்தையைக் கொண்டுபோய் உட்காரவைக்கப் போகிறோம். அது குட்டி மட்டும்கூட இல்லை, தாயும் வருகிறது.

சனிக்கிழமை என் மனைவிக்கு வேலை இருந்தது. துணைக்குப் போகிற பெரியவர்கள் மறுபடியும் நாங்கள்தான். மூத்தவள் அந்தத் தேய்த்த சட்டையில், சிநேகிதிகளோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். தனக்கு நாங்கள் யாரென்றே தெரியாது என்று வழியிலேயே சொல்லி வைத்திருந்தாள். சின்னவள் எங்கள் இருவருக்கும் நடுவில். மைத்துனன் ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டிவிட்டு வந்திருந்தான். மருமகள் பக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நான் வாய் நிறையப் புதினா மிட்டாயோடு தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. அன்றைக்குத் தூக்கம் என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

துறைமுகம் வந்தது. தண்ணீர் மெல்ல உயர்ந்தது. நாற்காலியெல்லாம் அதிரும்படி ஒரு உறுமல். முன்வரிசைப் பெண்கள் மொத்தமாக வீறிட்டார்கள், பாப்கார்ன் பறந்தது. சின்னவளின் கண்ணைப் பொத்தலாம் என்று சட்டென்று திரும்பினேன். அவள் திரையையே பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கண்களை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடிந்தது, இவன் மானம் இன்றோடு கப்பலேறிவிட்டது என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் முட்டி போட்டு எழுந்து, மூடியிருந்த அவன் கண்களின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

“மாமா, தொறக்காத. இன்னும் இருக்கு. போனதும் நான் சொல்றேன்.”

“சரிம்மா” என்றான், மிகவும் பணிவாக.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. என் மனைவி. ‘முழிச்சிருந்தா எண்ணிச் சொல்லுங்க’ என்று அனுப்பியிருந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்த இருட்டிலும் காது சுட்டது. முன்வரிசையில் மூத்தவள் தன் விதியைத் தானே மீறித் திரும்பி, தங்கை இருக்கிற பக்கம் பார்த்தாள். அழுகிறாளா என்று பார்க்கிறாள். இல்லை என்று தலையசைத்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிக்கொண்டாள்.

திரையில் தாய் மிருகம் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தது. தலை வருவதற்குள் திரை நிறைந்துவிட்டது. என் கால்கள் தாமாகவே மேலே ஏறி நாற்காலியில் மடங்கிக்கொண்டன. சின்னவளுக்குப் பயப்பட நேரமில்லை. இடது கை மாமாவின் கண்மேல் அப்படியே இருக்க, வலது கையின் விரலைத் திரைக்கு நேராக நீட்டினாள்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு...” மாமாவுக்குக் கேட்கும்படி நிதானமாக எண்ணினாள். மிருகம் உறுமியபடி தலையைத் திருப்பியது. “இரு மாமா, அசையாத. அந்தப் பக்கமும் இருக்கு.”