ஒன்றாம் விரல்

அந்தப் பியானோப் புத்தகத்தை எழுதிய துரையின் கையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ச, க, ப, மேல் ச என்று நான்கு கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று சுரங்களின் தலையில் எண் போட்டிருந்தான்: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

ஒன்று என்றால் சுண்டுவிரல். இதைக்கூடவா ஒருவரைக் கேட்க வேண்டும்? பால் கணக்கானாலும் நாள் கணக்கானாலும் சுண்டுவிரலை மடக்கித்தானே ஆரம்பிக்கிறோம். அப்படியே வலது கைச் சுண்டுவிரலை முதல் கட்டையில் வைத்தேன். அடுத்த கட்டை வலப்பக்கம் இருக்கிறது, மோதிரவிரலோ இடப்பக்கம். சுண்டுவிரலின் மேல் அது ஏறிக் குதிக்க வேண்டும். கட்டைவிரல் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டுவிடும். வெள்ளைக்காரர்களுக்கு எலும்பே வேறா என்று குழம்பிப் போனேன்.

புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. ஆர்மோனியம் தெரிந்த எனக்குப் பியானோவும் வந்தால் வேலை. சொல்லிக்கொடுக்கப் பள்ளியில் ஆள் கிடையாது; பரீட்சை வைக்க மட்டும் திருச்சியிலிருந்து ஓர் அம்மா வருவார். தேறாவிட்டால் கட்டுமாவடிக்குத் திரும்பி, அண்ணி ராக்காயியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்ன வேண்டும். நினைக்கவே பயமாக இருந்தது.

"ஏன்டி சொர்ணவல்லி, வாசிக்கிறியா, மாவு பிசையிறியா?" என்றாள் என்னோடு தங்கியிருந்த தையல் டீச்சர் கண்ணாத்தாள்.

"புஸ்தகத்துல இப்புடித்தான் போட்டிருக்கு."

"அப்பறம் ஏன் அழுவுற?"

"கை வலிக்குதுடி. நான் மக்கா, கை மக்கான்னே தெரியல."

பரீட்சையன்று திருச்சி அம்மா புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு எண்களெல்லாம் கலங்கித் தெரிந்தன. போனால் போகிறது என்று அவற்றைப் பார்ப்பதையே விட்டேன். கட்டைவிரல் தானாகவே முதல் கட்டையில் போய் உட்கார்ந்தது. அடுத்து ஆள்காட்டி விரல், நடுவிரல், கடைசியில் சுண்டுவிரல். கை அதுபாட்டுக்கு விரிந்தது, கொஞ்சமும் வலிக்கவில்லை. ஆனால் புத்தகத்தை மீறிவிட்டேனே! இனிக் கட்டுமாவடிதான்.

"மன்னிச்சுக்கங்க. அதுல போட்ட வெரல்ல வாசிக்க எனக்கு வரலைங்க" என்றேன்.

அந்த அம்மா புத்தகத்தையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்தார். "அதே வெரல்லதானே வாசிச்சீங்க?"

"இல்லைங்க. ஒன்னுன்னா சுண்டுவெரல்தானேங்க..."

அவர் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "இதுதாம்மா ஒன்னு."

"கட்டைவெரல்ல இருந்து யாருங்க எண்ணுவா?"

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமே நீங்க எண்ணுவீங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க."

வெளியே வந்தேன். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணக் கையை விரித்தேன். எந்த விரலை முதலில் மடக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.