கரைப்பாதையில் நடப்பவர்

இந்தக் கால்வாயில் படகுகள் நடைவேகத்துக்கு மேல் செல்லக் கூடாது. கரைப்பாதையில் உடன் வரும் இறந்தவர்களுக்கு மூச்சு வாங்கும் என்பதே காரணம். படகை வாடகைக்குத் தந்தவர் உயிர்காப்பு அங்கியை அணியும் முறையைக் காட்டிவிட்டு, மற்ற விதிகளையும் அதே குரலில் சொன்னார். இறந்தவர்கள் படகில் ஏறலாகாது. சுரங்கத்துக்குள் கரைப்பாதை இல்லை; அவ்விடத்தில் அவர்கள் குன்றின்மேல் ஏறி மறுபுறம் இறங்கவேண்டும். எல்லோரும் இறங்குவதில்லை.

என் மகள் தர்மினி சுக்கானைப் பிடித்திருந்தாள். சென்ற மாசியில் இறந்த என் கணவர் குணநாயகம், தகனத்தன்று நாங்கள் உடுத்திவிட்ட பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, காஞ்சொறிச் செடிகளை விலக்கியபடி கரையில் நடந்துவந்தார். நீர்மட்டத்தை ஏற்றியிறக்கக் கால்வாயின் குறுக்கே அமைத்த மரக்கதவுகள் வந்தபோதெல்லாம் முன்னே சென்று, அவற்றை முதுகால் தள்ளித் திறந்தார். உயிருடன் இருந்தபோது சமையலறைக் கதவைக்கூடச் சாத்தாதவர்.

படகு கரையை உரசி நின்ற ஓரிடத்தில் அவருக்குத் தேநீர் நீட்டினேன்.

"இஞ்சேரும், சீனி போட்டனீரோ?"

"இல்லை."

"செத்தாப் பிறகுமோ?"

"வைத்தியர் சொன்னதை ஆரும் மாத்தேல்லை."

அவர் அதைக் கஷாயம்போலக் குடித்தார்.

பிற்பகலில் சுரங்கத்தின் வாய் தெரிந்தது. அதற்கு முன்னால், படகைத் திருப்பும் அளவுக்கு அகலமான இடம் ஒன்று இருந்தது.

"அம்மா, திருப்பட்டோ? அப்பா மேல ஏறத் தேவையில்லை."

நான் வாய்திறக்குமுன், பின்னால் வந்த படகிலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி கையசைத்துப் புன்னகைத்தார். நாங்கள் குறுக்கே திரும்பினால் அவர் காத்திருக்க நேரும்.

"உந்த மனிசியை மறிக்காதையும். முறையில்லை," என்றார் கரையிலிருந்து என் கணவர்.

நானும் அப்படியே நினைத்தேன். "நேரே போ, பிள்ளை," என்றேன்.

அவர் வேட்டியை உயர்த்திப் பிடித்துக் குன்றில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. பாதை வழுக்கலாக இருந்தது, பார்க்காததே சரி.

சுரங்கத்தின் கூரையிலிருந்து நீர் சொட்டியது. தர்மினி படகின் விளக்கைப் போட்டாள். நான் அவருடைய கோப்பையைக் கழுவி, நிறையச் சீனியிட்டுத் தேநீர் ஊற்றி, ஆறிவிடாதபடி தட்டால் மூடினேன்.

மறுபுறம் வெயில் அடித்தது. குன்றிலிருந்து இறங்கும் பாதையில் ஒருவரும் இல்லை. படகை நிறுத்தினோம். பின்னால் வந்த பெண்மணி பொறுமையாகவே இருந்தார். ஆயினும் ஒருவரை எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது? புறப்படச் சொன்னேன்.

அப்போது மழையங்கி அணிந்த, செந்நிறத் தாடியுள்ள நெடிய ஆங்கிலேயர் ஒருவர் குன்றிலிருந்து இறங்கி, எங்கள் படகுக்கு இணையாக நடக்கத் தொடங்கினார்.

"இஞ்சேரும், தேத்தண்ணி இருக்கோ?" என்றார், எங்கள் தமிழிலேயே. "சீனி வேண்டாம்."

"அப்பா, அடுத்த கதவு வருகுது," என்றாள் தர்மினி.

அவர் முன்னே சென்று கதவை முதுகால் தள்ளினார். நான் சீனியிட்ட கோப்பையைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு, சீனியில்லாமல் வேறு தேநீர் ஊற்றினேன்.