ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு கேக்

என் தம்பி மனைவி உண்டாகியிருக்கிறாள் என்பதை நான் ஈரல் வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீட்டுக்குள் ஈரல் நுழைந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. காரணம் நான்தான். எனக்குத் தலசீமியா. உடம்பில் நல்ல ரத்தம் தானாக ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து, யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த ரத்தத்தோடு வரும் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும். அதை வெளியேற்றத் தனியாக ஊசி. ஈரலில் இரும்பு அதிகம் என்று ஒரு டாக்டர் சொன்ன அன்றே அம்மா அதை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள். எங்கள் ஊரான பாபோலின் கடைத்தெருவில் ஈரல் சுடும் கடை எதிர்ப்பட்டால், ஏதோ கெட்ட சகவாசம்போல, என்னை எதிர்ச்சாரிக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

அப்பேர்ப்பட்ட வீட்டில், ஒரு மழைநாள் சாயங்காலம், தம்பி பெஹ்தாத்தின் கோட்டிலிருந்து சுட்ட ஈரல் வாசனை கமகமவென்று வந்தது. பின்னாலேயே வந்த தர்லானின் முக்காட்டிலும் அதே வாசனை. அவள் ஈரல் என்ற பேரைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறவள். மசக்கை இல்லாமல் வேறென்ன?

நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மரியாதை ஒரு வியாதி. தலசீமியாவைவிட அதிகம் பேருக்கு இருக்கிறது. "நீங்க முதல்ல", "ஐயோ, நீங்கதான் முதல்ல" என்று வாசலில் நின்று நின்றே நனைந்துபோவோம். டீ தந்தால் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலாவது முறை வாங்கிக் குடிப்போம். எங்கள் வீட்டில் இந்த வியாதி முற்றிப்போன நிலையில் இருந்தது.

அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெஹ்தாத்துக்கும் தர்லானுக்கும் என் நோயில் ஆளுக்குப் பாதி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் எல்லாரும் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிட்டது. பாதி இருப்பவர்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, ஓடியாடி நன்றாக இருப்பார்கள். ஆனால் பாதியும் பாதியும் சேர்ந்து பெறும் பிள்ளைக்கு முழுசாக வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிள்ளை உண்டானதும் வயிற்றிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் கல்யாணத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று வீட்டில் நினைப்பு. என் பாதி ஆயுள் அந்த ஆஸ்பத்திரியில் கழிந்திருக்கிறது. அங்கே எனக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது.

பிறகொரு நாள் தர்லானுக்குப் பல்வலி என்று சொல்லி அழைத்துப் போனார்கள். பல்வலிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பல்லு எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"எடுத்துட்டாங்க அண்ணா. கடவாப் பல்லு."

அன்று சாயங்காலமே அந்தக் கடவாய்ப் பல்லால் வால்நட்டைக் கடித்து உடைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

அடுத்து எனக்கு ரத்தம் ஏற்றும் நாள் வந்தது. அம்மாவும் கூடக் கிளம்பினாள். நான் பள்ளிக்கூடம் முடித்ததோடு அவள் விட்டுவிட்ட வழக்கம் அது. கையில் ஒரு பாத்திரம். மாதுளைச் சாறும் வால்நட்டும் சேர்த்துச் சமைத்த கோழி. நர்ஸ் எஃபத்துக்காம். இந்த அம்மா எதற்கோ காக்கா பிடிக்கிறாள் என்று அப்போதே சந்தேகம்.

எஃபத்தும் நானும் ரொம்ப வருடப் பழக்கம். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். வழக்கமான குழாயில் ரத்தம் எடுத்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு குழாய் வந்தது.

"அது எதுக்கு?"

"எது? ஓ, இதுவா? விட்டமின் டி பாக்க."

"போன தடவதான பாத்த?"

"இது… வேற விட்டமின் டி."

இரண்டு காதும் மாதுளம்பழமாகச் சிவந்திருந்தன. அம்மா கூரையில் எரியும் விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

"யாருக்குன்னு சொல்லு. அப்பதான் கைய நீட்டுவேன்."

"அடம் பிடிக்காத ஹூமன். ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடியே எடுக்கணும். ஏத்திட்டா அடுத்தவங்க ரத்தம் கலந்துடும். அப்புறம் இன்னும் மூணு வாரம் காத்திருக்கணும், அதுக்குள்ள…" சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்குள்ள நாலு மாசம் முடிஞ்சுடும். அதுக்கு மேல கலைக்கச் சட்டம் ஒத்துக்காது. அதானே?" என்றேன். "அம்மா, கதவுக்குப் பின்னாடி நிக்கறவங்கள உள்ள வரச் சொல்லு. ஈரல் வாசன இங்க வரைக்கும் வருது."

கதவுக்கு வெளியே கிசுகிசுப்பு. அந்த நேரத்திலும், "நீ முதல்ல போ", "நீங்க போங்க" என்று இரண்டும் வாதாடிவிட்டுத்தான் உள்ளே வந்தன.

பெஹ்தாத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தர்லான் பக்கத்துக் கோளாறு எதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்கண்ணே. என் பக்கத்துது பிடிபடல. அபூர்வமான வகையாம். அப்பா இருந்திருந்தா அவர் ரத்தத்த வச்சுப் பாத்திருக்கலாம். இப்ப முழு நோய் இருக்கற ஆளு, கூடப் பொறந்தவன், உன் ரத்தம்தான் வேணும். உன்னோடது, என்னோடது, அம்மாவோடது மூணையும் ஒப்பிட்டா குழந்தைக்கு எது போயிருக்குன்னு தெரியுமாம். இல்லன்னா வயித்துல ஊசி போட்டு எடுத்ததெல்லாம் வீண்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதுக்காகத் திருடுவீங்களா? கேட்டிருந்தா ஒரு வாளி குடுத்திருப்பேனே!"

"உன் உடம்புல வாளி ரத்தம் எங்க இருக்கு?" என்றாள் எஃபத்.

அப்போது தர்லான் அழ ஆரம்பித்தாள். "எப்படி அண்ணா கேக்கறது? உங்கள மாதிரி ஒரு புள்ள பொறந்துடக் கூடாதுன்னுதான் பாக்கறோம். அதுக்கு உங்க ரத்தத்தையே குடுங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்து எந்த வாயால கேப்பேன்?"

வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் நானும் எஃபத்தைப் போல விட்டமின் கதை சொல்கிறேன் என்று அர்த்தம். நான் வாழ்ந்திருக்கிறேன், கடை வைத்திருக்கிறேன், கடலில் நீந்தியிருக்கிறேன், இரண்டு முறை காதலித்து இரண்டு முறையும் உதை வாங்கியிருக்கிறேன். ஆனால் ராத்திரிதோறும் வயிற்றில் ஊசியைச் செருகிக்கொண்டு தூங்கிய அந்தச் சின்ன ஹூமனையும் எனக்குத் தெரியும். அவனை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"என்ன மாதிரி வேணாம்னா சொல்ற?" என்றேன். "என் மூக்கு வேணாம்னு சொல்லு, ஒத்துக்கறேன். இந்த ஊசி வேணாம்னு சொல்லு, அதையும் ஒத்துக்கறேன். நானும் அதத்தான் சொல்றேன். ஆனா என் வாய் வேணும், தெரியுதா? இந்த வீட்டுல ஒருத்தருக்காவது பேசற வாய் வேணும்."

தர்லான் அழுதுகொண்டே சிரித்தாள். நான் அம்மா பக்கம் திரும்பினேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அந்தக் காலத்துல இந்த டெஸ்ட் இருந்திருந்தா, என்ன வயித்துல வச்சுக்கிட்டு நீ போயிருப்பியாம்மா?"

அம்மா விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். "எனக்கு ஊசின்னாலே பயம்டா," என்றாள். பிறகு என் தலைமுடியைக் கோதிவிட்டாள். "நீ எப்படியும் பொறந்துதான் இருப்ப."

நான் கையை நீட்டினேன். குழாய் நிரம்பும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக ஊராருடைய ரத்தம் எனக்குள்ளே போவதைத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொருவருக்கு வேண்டும் என்று என் ரத்தம் வெளியே போவது இதுதான் முதல் தடவை. கீழே ரத்த வங்கியில், கொடுக்க வருகிறவர்களுக்குப் பழச்சாறும் கேக்கும் தருவார்கள். சின்ன வயதில் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊற நின்றிருக்கிறேன். வாங்கிக்கொள்கிறவர்களுக்குக் கேக் கிடையாது.

"எஃபத், என் கேக் எங்க?"

"போடா. ஒரு குழாய்க்கெல்லாம் கேக்கா?"

முடிவு வரும்வரை வீடு வீடாக இல்லை. அம்மா சோற்றில் இரண்டு முறை உப்புப் போட்டாள். பெஹ்தாத் தொலைபேசியைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனான். முழுசாக வந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை; அதை அவர்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும். நான் என்னால் ஆனதைச் செய்தேன். கடைத்தெருவுக்குப் போய் ஈரல் வாங்கி, எல்லார் கண் முன்னாலும் வீட்டுக்குள் கொண்டுவந்து, தர்லான் தட்டில் வைத்தேன். அம்மா ஜன்னலை மட்டும் திறந்து வைத்தாள்.

ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நாலு பேரும் போனோம். டாக்டரம்மா அறைக் கதவு திறந்தது.

"நீ போ தர்லான்." "அத்த முதல்ல போகட்டும்." "பெத்தவன் நீதானடா, நீ போ."

இந்த முறை மரியாதை இல்லை, பயம். எனக்கும்தான். யாருக்கும் வழிவிடாமல் மூவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நானே முதலில் நுழைந்தேன். அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அம்மா பக்கத்துக் கோளாறு குழந்தைக்கு வந்திருக்கு," என்றார் டாக்டரம்மா. பெஹ்தாத் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். "அப்பா பக்கத்துது வரல. பாதிதான். உங்க ரெண்டு பேர் மாதிரி நல்லா இருக்கும்."

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பெஹ்தாத் சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தைபோல விசும்பினான். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

பெரியப்பா என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தர்லான் முந்திக்கொண்டாள். "இவர்தான் ரத்தம் குடுத்தவர்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். ஒரு பழச்சாற்று டப்பா, பொட்டலம் கட்டிய ஒரு கேக். கீழே ரத்த வங்கியில் தருகிறார்களே, அதே கேக். காலையிலேயே, முடிவு என்ன என்று தெரிவதற்கு முன்பே, வாங்கி வைத்திருக்கிறாள்.

"எடுத்துக்கோங்க அண்ணா."

மூன்று முறை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.