இறாலுக்கு முக்கால் மணித்தியாலம்

உம்மா விடியக்காலையில் மௌத்தானபோது அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. தம்பி ஹயாத்து முகம்மது காங்கேசன்துறை விமானத்திடலில் கூலிவேலையில் இருந்தான். ரயிலேறினால் நாட்டையே சுற்றிக்கொண்டு மறுநாள்தான் புத்தளத்தில் வந்து இறங்குவான். உம்மாவின் மையத்தை அதுவரைக்கும் அடக்காமல் வைத்திருக்க எங்கள் வழக்கத்தில் இடமில்லை.

பள்ளிவாசல் மரைக்கார் முத்தலிபு வாசலில் வந்து நின்றார்.

"பின்னேரம் அசறுத் தொழுகையோட எடுத்திருவம், ஜெய்னம்பு. தொழுகைய நான் நடத்துறன்."

"உம்மாக்கு ஒரே ஆம்புளப் புள்ள. அவன்தான் முன்னுக்கு நிண்டு தொழுவிக்கணுமெண்டு சாகும் மட்டும் கேட்டா."

"அதுக்கு? அவனென்ன பறந்தா வரப்போறான்?"

"ஓம், பறந்துதான் வருவான்" என்றேன்.

வெள்ளைக்காரரின் உலகச் சண்டைக் காலம் அது. புத்தளம் விமானத்திடலிலிருந்து காங்கேசன்துறைக்கு நாள்தோறும் ஒரு பிளேன் போகும், பின்னேரம் திரும்பும். கடிதக்கட்டுகளோடு அங்குள்ள துரைமாருக்கு நம் ஊர்க் கடலேரியான களப்பின் இறாலும் போகும். அந்த இறாலைக் கொடுப்பது உம்மாவும் நானும்தான். முக்கால் மணித்தியாலப் பயணம். இறாலின் ஈரம்கூடக் காயாது.

மையத்தைக் குளிப்பாட்டும் வேலையைப் பெண்களிடம் விட்டுவிட்டு, இரவு பிடித்த இறாலோடு விமானத்திடலுக்குப் போனேன். பிளேன் புறப்பட நின்றது. கூடையை நான் கொடுக்கவில்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விமானத்திடல் துரைக்கு எங்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் கிளாக்கர் அன்ரனிப்பிள்ளை ஓடிவந்தார். "இண்டைக்கு அங்க பெரிய துரைக்கு விருந்து. கெதியாத் தாங்க."

"திரும்பி வாற பிளேன்ல என்ட தம்பி வருவானெண்டாத் தாறன்."

பின்னால் வந்து நின்ற துரை சிரித்தான். என்னவோ சொன்னான்.

"ஊராக்களுக்கு அதில இடமில்லையாம்."

"இறாலுக்கு இடமிரிக்கே. இறால் எந்த ஊராம்? கேட்டுச் சொல்லுங்க."

அன்ரனிப்பிள்ளை ஒரு சொல்லும் விடாமல் சொல்லிவிட்டார் போல. துரையின் முகம் சிவந்துவிட்டது. இறாலை வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வானாம்.

"வாங்கட்டும். உம்மா மௌத்தான கதை கேட்டு உச்சமுனையில இறால் பிடிக்கிற சவிரிமுத்து அண்ணன்ட ஆக்களும் வலையக் கரையில போட்டுட்டாங்க. அவ அடங்கும் மட்டும் களப்பில ஒருத்தனும் இறங்க மாட்டான்."

துரை பிளேனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் பிடியை விடவில்லை. கடைசியில் உள்ளே போய் டெலிபோனில் கத்தினான்.

"தம்பிய ஏத்தச் சொல்லிட்டார்" என்றார் அன்ரனிப்பிள்ளை. "ஆனா ஆளாக் கணக்கெடுக்கேலாதாம். வெறுங்கூடையோட சாமானா வரட்டாம்."

"சாமானாவே வரட்டும்" என்று கூடையைத் தள்ளிவிட்டேன்.

அசறுத் தொழுகை முடிந்து, மையத்துத் தொழுகைக்கு எங்கள் முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நின்றபோது தம்பி அன்ரனிப்பிள்ளையோடு வந்து சேர்ந்தான். கூடைகளுக்கு நடுவில் குந்தியிருந்து வந்தவன். சட்டையெல்லாம் இறால் தண்ணீர். கிட்டப் போக முடியாத வாடை.

முத்தலிபு மரைக்கார் மூக்கைப் பொத்தினார். "இந்த வாடையோடயா தொழுவிக்கப் போறாய்? நீ போய்க் குளி. நான் நடத்திருவன்."

தம்பி தலையைக் குனிந்தான். நான் பெண்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"இந்த வாடையிலதான் மரைக்கார், உம்மா இவன வளத்தா. அவக்கு இது பழக்கம். ஏலாதெண்டா நீங்க பின்வரிசைக்குப் போங்க."

தம்பி சட்டையைக் கழற்றி எறிந்து, கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து, அன்ரனிப்பிள்ளை போர்த்திவிட்ட துவாயோடு முன்னால் போய் நின்றான். மரைக்கார் பின்வரிசைக்குப் போனார்.

அல்லாஹு அக்பர் என்று தம்பி தக்பீர் கட்டினான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.