ஏழாம் கட்டில்காரரின் இதயம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஏழாம் கட்டிலில் படுத்திருந்த தையல்காரரின் இதயம் அவருடைய வலது முழங்காலில் துடித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை இடது காதுக்குப் பின்னால் போயிருந்தது. வியாழக்கிழமை சல்லடை போட்டுத் தேடியும் அகப்படாமல், மத்தியானச் சாப்பாடு வந்த நேரத்தில் முதுகின் நடுவில் கிடைத்தது. வார்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் பெரிதாகப் பேசப்பட்டது எட்டாம் கட்டிலின் மின்விசிறி சுற்றாததைப் பற்றித்தான்.

கவலைப்பட்டவள் இறுதியாண்டு மாணவி ஒருத்திதான். செய்முறைத் தேர்வில் ஒரு நோயாளியைக் காட்டி, உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதித்துக் கண்டதைச் சொல்லச் சொல்வார்கள். இரண்டு முறை அவளுக்கு வாய்த்தவர் இந்தத் தையல்காரர். இரண்டு முறையும் இதயத்தைக் காணாமல் தோற்றாள். மூன்றாம் முறையும் அவரே என்று பட்டியல் ஒட்டியாயிற்று. இதிலும் தவறினால் கல்லூரி வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

"என்னம்மா, இன்னைக்கும் ஆள் தலைமறைவா?" என்றார் தையல்காரர், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே.

"ஒரு இடத்துல நிக்கச் சொல்லக்கூடாதா அண்ணே?"

"நாப்பது வருஷமா என் வீட்டுக்காரியே சொல்லிட்டிருக்கா. கேட்டாத்தானே!"

"முழங்கால்னே எழுதிட்டு வாடி. பொய்யா என்ன?" என்றாள் பக்கத்துக் கட்டிலில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த தோழி.

பரிசோதனைக்கு நான்கு படிகள்: பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. இவற்றில் தட்டுவது தனி அழகு. இடக்கை நடுவிரலை உடம்பில் படியவைத்து, வலக்கை விரல்நுனியால் அதன்மேல் தட்டினால், காற்று நிறைந்த நுரையீரல் வெறும் பானைபோல் ஒலிக்கும். ஈரல் சுவரைப்போல் மந்தமாகும். ஒலி மாறும் இடமே எல்லை. கண்ணால் காணாத உறுப்புக்கு விரலாலேயே வேலி போட்டுவிடலாம். இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது? எல்லா மாணவர்களையும்போல அவளும் வந்ததும் வராததுமாகச் சில்லென்ற அந்த வட்டத்தை மார்பில் வைப்பாள். நான்காம் படிதான் அவளுக்கு முதல் படி.

அவள் ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, பதினொரு நாட்கள் இதயம் இருந்த இடத்தையும் நேரத்தையும் குறித்தாள். பன்னிரண்டாம் நாள் தாளைப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. காலை ஆறு மணிக்கு மட்டும் அது ஒழுங்காக மார்பிலேயே இருந்திருக்கிறது. ஆறு மணிக்கு வருபவர் செவிலியர் அக்கா. அவர் ஸ்டெதாஸ்கோப் குழாயே கொண்டுவருவதில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். பிறகு நெஞ்சைத் தொட்டு மூச்சு எண்ணுவார்.

தேர்வன்று வந்த பெரிய டாக்டர், முறைப்படி தானே முதலில் சரிபார்க்க, நேராகக் குழாயை மார்பில் வைத்தார். முகம் சுருங்கியது.

"இங்க ஒண்ணுமே இல்லையேம்மா?"

"முழங்கைக்குப் போயிருக்கும் சார். சொல்லாமக் கொள்ளாம வந்தா அது நிக்காது. நான் கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டிட்டு வா பார்க்கலாம்."

அவள் கட்டிலின் வலப்புறம் நின்று உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். தையல்காரரின் நகங்களைப் பார்த்தாள்; ஊசி குத்திக் காய்த்த விரல்களை அழுத்தினாள்; நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். கை மேலேற, தோலுக்கடியில் ஏதோ கூடவே ஏறிவந்தது. கழுத்தைக் கடந்து, மார்பில் உள்ளங்கையை வைத்தபோது அதன் அடியில் வந்து தட்டியது. எல்லையைத் தட்டிக் குறித்த பிறகுதான் குழாயை எடுத்தாள். ஒவ்வொரு துடிப்போடும் காற்று கசிவதுபோல் ஒரு மெல்லிய முணுமுணுப்பு அக்குளை நோக்கிப் போயிற்று.

"இடது பக்கம், அஞ்சாவது விலா இடைவெளி. ஒரு வால்வு ஒழுகுது சார்."

பெரிய டாக்டர் கேட்டுப் பார்த்தார், தலையசைத்தார், மதிப்பெண் போட்டார், எட்டாம் கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் முதல் ஏழாம் கட்டிலின் தலைமாட்டில் இந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது: கையைச் சூடாக்கவும். நகத்தில் தொடங்கவும். மணிக்கட்டு, முழங்கை, கழுத்து வழியாக மார்புக்கு வரவும். குழாயைக் கடைசியில் வைக்கவும். இதயம் அங்கே இருக்கும்.